காகிதம், மெஷின், தபால்: எந்த ஓட்டு பத்திரமாகப் போய்ச் சேருகிறது?

கேள்வி இதுதான்: "வரும் தேர்தலில் எனக்கு முதல் ஓட்டு. பேப்பர் ஓட்டுக்கு ஈடு இணை கிடையாது என்கிறார் தாத்தா. மெஷின்தான் சரி என்கிறார் அண்ணன். டீச்சராக இருக்கும் அம்மா தபால் ஓட்டுதான் போடுவார். எல்லா முறையிலும் ஓட்டுப் போட்டவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்." படித்ததும் எனக்குத் தோன்றியது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: நான் போடுகிற ஓட்டு நான் நினைத்த ஆளுக்கே போய், எண்ணப்படவும் செய்கிறதா, அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கே பதில் சொல்கிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலையில் தேர்தல் டியூட்டி தப்பாது. பேப்பர் காலத்தில் போலிங் ஆபிசராக உட்கார்ந்து, பிறகு மெஷின் வந்ததும் பூத்துக்குத் தலைமை அலுவலராக, அதாவது பி.ஓ.வாகப் போய், சில தடவை எண்ணிக்கை மேஜையிலும் இருந்திருக்கிறேன். ஓட்டராகவும் மூன்று முறையிலும் போட்டாயிற்று. எனக்குத் தெரிந்தது மேஜைக்கு இந்தப் பக்கம் நடப்பது. மெஷினுக்குள் இருக்கும் சிப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. அதை அந்தத் துறைக்காரர்களிடம் கேளுங்கள்.

முதலில் தாத்தாவின் பேப்பர். ஆரம்பத்தில் அதுவும் இப்போது நாம் நினைக்கிற பேப்பர் கிடையாது. 1952 தேர்தலிலும் 1957 தேர்தலிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டில் எதையும் குறிக்காமல் பிடித்தவர் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய முறை கிடையாது. ஆனால் சீட்டில் குறியே இல்லாததால், அதைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிட வழி இருந்தது. வாங்கியவன் ஆள் ஒருவனிடம் கத்தையாகக் கொடுத்தனுப்பித் தன் பெட்டியில் போடச் சொல்லலாம். 1962 பொதுத்தேர்தலில் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சாகி, அதில் முத்திரை குத்தும் முறை வந்தது. தாத்தா சொல்வது இதைத்தான்.

அந்த முறையில் பூத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சீட்டின் பின்பக்கம் அலுவலரின் கையெழுத்து இருக்கும். சீட்டை உங்களிடம் தருவதற்கு முன் நாங்களே நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு மடித்து, பிரித்துத் தருவோம். மறுபடி அதே மடிப்பில் மடித்துப் போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வோம். காரணம், முத்திரை மை ஈரமாக இருக்கும்போதே சீட்டை மடித்தால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறு மாதிரி மடித்தால் இன்னொரு சின்னத்தின் மேலே மை பதிந்து, இரண்டு பேருக்குக் குத்தியது போலத் தெரியும். அப்படி ஒட்டிய சீட்டுகள் எண்ணும்போது வரத்தான் செய்யும். அங்கேதான் அந்த முத்திரையின் வடிவம் கைகொடுக்கும். ஸ்வஸ்திக் மாதிரி ஒரு பக்கமாகச் சுழலும் குறி அது. மடிப்பில் ஒட்டிய நகல் எதிர்ப்பக்கமாகச் சுழன்றிருக்கும். எது அசல், எது ஒட்டியது என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். வெறும் வட்டமோ பெருக்கல் குறியோ இருந்தால் இந்த வசதி கிடைக்காது.

ஆனாலும் செல்லாத ஓட்டு விழும். முத்திரைக்குப் பதில் கட்டைவிரல் ரேகையை வைத்தவர்கள் அதிகம். அடிக்கட்டையில் ரேகை வைக்க மைப்பெட்டியை நீட்டுகிறோம், கொஞ்ச நேரத்தில் சீட்டைக் கையில் தருகிறோம், அவர்கள் சீட்டிலும் விரலை வைத்துவிடுவார்கள். அது செல்லாது. இரண்டு கட்டங்களுக்கு நட்டநடுவே குத்தி, யாருக்கு என்றே சொல்ல முடியாதபடி இருக்கும் சீட்டும் செல்லாது. ஒரே சின்னத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்திக் குத்தியது செல்லும், அது வேறு விஷயம். ஆக, பேப்பரில் ஓட்டு வீணாவது பெரும்பாலும் ஓட்டர் கையாலேயே. அதே நேரம் குத்தியது அவருடைய கண்ணுக்கே தெரிகிறது, பெட்டிக்குள் போகிறது, பெட்டியைத் திறந்தால் அதே சீட்டு வெளியே வருகிறது. தாத்தா நம்புவது அதைத்தான். அந்த நம்பிக்கையைச் சும்மா பழைய காலத்து ஆசை என்று ஒதுக்க மாட்டேன்.

பேப்பருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது, ரவுடிகள். பூத்தைப் பிடித்தால் சீட்டுக் கட்டை எடுத்து மளமளவென்று குத்தித் தள்ளிவிடலாம். கை வலிக்கும் வரை குத்தலாம், தடுக்க எந்தப் பூட்டும் கிடையாது. அப்புறம் வேட்பாளர் எண்ணிக்கை. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது, தேர்தலையே தள்ளி வைத்து நடத்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். அப்படியும் கூட்டம் நிற்கவில்லை. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். மெஷினில் ஓட்டர் பட்டன் அழுத்தும் பெட்டியான பேலட் யூனிட் ஒன்றில் 16 பட்டன்தான், நோட்டாவுக்கும் ஒரு பட்டன் வேண்டும். ஆகவே பூத்துக்கு ஐந்து யூனிட்டுகளை வரிசையாக அடுக்கினார்கள்.

இனி அண்ணனின் மெஷின். கேரளத்துப் பரவூரில் 1982-இல் 50 பூத்துகளில் முதன்முதலாக வைத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லாமல் செய்ததால் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது 2001 சட்டமன்றத் தேர்தலில், நாடு முழுக்க 2004-இல். 2001-இல் நாங்கள் பயந்தது ஊர்ப் பெரியவர்களை நினைத்துத்தான். அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். நீலப் பட்டனை அழுத்தாமல் சின்னத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டு "ஐயா, சத்தமே வரலையே" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நாங்கள் மறைப்புக்குள் போய்க் காட்டக் கூடாது. வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் பார்க்க, வெளியே அட்டை மாதிரியை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மெஷினில் செல்லாத ஓட்டு என்பதே கிடையாது. இது உறுதி. இரண்டு பட்டனை அழுத்தினாலும் ஒன்றுதான் பதிவாகும். ஒரு ஓட்டு விழுந்ததும் பூட்டிக்கொள்ளும், எங்கள் மேஜையில் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் நாங்கள் மறுபடி 'பேலட்' பட்டனைத் தட்டினால்தான் அடுத்த ஓட்டு. கலாட்டா வந்தால் 'குளோஸ்' பட்டனை அழுத்திவிட்டால் தீர்ந்தது, அதன் பிறகு யார் எதை அழுத்தினாலும் பதிவாகாது. இந்த ஒரு பட்டனுக்காகவே மெஷினுக்கு ஓட்டுப் போடுவேன் என்று சொல்கிற பழைய பி.ஓ.க்களை எனக்குத் தெரியும். ஜனங்கள் பூத்துக்குள் புகுந்த அனுபவம் உள்ளவர்கள் அவர்கள்.

மெஷினில் தவறு நடக்கிற இடம் ஓட்டரிடமிருந்து எங்களிடம் மாறிவிட்டது. காலையில் வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாக் போல், அதாவது மாதிரி ஓட்டுப்பதிவு நடத்த வேண்டும், குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பட்டனுக்கும். முடிந்ததும் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று வரிசையாக அழுத்தி அழிக்க வேண்டும். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த மாக் போல் சீட்டுகளை எடுத்து, பின்னால் முத்திரை குத்தி, கருப்புக் கவரில் போட்டு சீல் வைக்க வேண்டும். பரபரப்பில் யாராவது கிளியர் பண்ண மறந்தால் அந்த 50-ம் அசல் ஓட்டோடு சேர்ந்துவிடும். பிறகு எண்ணிக்கை நாளில் அந்த மெஷினைத் தனியே ஒதுக்கி வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். நமக்குச் செய்திகளில் வரும் 'மெஷின் கோளாறு' பலவற்றின் பின்னால் இப்படி மனிதக் கை இருக்கும். இன்னொரு வேடிக்கை: பேலட் கொடுத்த பிறகு ஓட்டர் உள்ளே போய்ப் பட்டனை அழுத்தாமலே வந்துவிடுவார். 'போட மாட்டேன்' என்றால் ரிஜிஸ்டரில் குறிப்பு எழுதிவிட்டு, அடுத்த ஆளைப் புதிதாக பேலட் தராமல் நேராக உள்ளே அனுப்ப வேண்டும். சாயங்காலம் ரிஜிஸ்டருக்கும் மெஷினுக்கும் ஒரு ஓட்டு இடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் கேள்வியின் உயிர் இருப்பது விவிபேட்டில். 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாப் பூத்துக்கும் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். விவிபேட்டின் கண்ணாடிக்குள் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும். பிறகு அறுந்து கீழே விழும், பீப் சத்தம் வரும். அந்தப் பெட்டியை ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் வைக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு, வெளிச்சம் பட்டால் அது மக்கர் பண்ணும். அதனால் மறைப்பு இருக்கும் மூலை கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பெரும்பாலோர் பீப் சத்தம் கேட்டவுடன் கிளம்பிவிடுகிறார்கள், கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். வேறு சின்னம் தெரிந்தால் அங்கேயே பி.ஓ.விடம் சொல்லலாம். எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ஏஜெண்டுகள் முன்னால் உங்களையே ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். புகார் உண்மையானால் அந்த மெஷினில் வாக்குப்பதிவே நிறுத்தப்படும், பொய்யானால் உங்கள் மேல் வழக்கு வரும்.

சரி, அப்படியானால் சந்தேகமே வேண்டாமா? உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். எந்த மெஷின் எந்தப் பூத்துக்குப் போகும் என்பது கட்சிக்காரர்கள் முன்னிலையில் கம்ப்யூட்டர் குலுக்கலில் முடிவாகிறது. வேட்பாளர் வரிசை மனு வாபஸ் முடிந்த பிறகுதான் தெரியும், ஆகவே முதல் பட்டன் எந்தக் கட்சிக்கு என்று மெஷின் செய்கிற இடத்தில் யாருக்கும் தெரிய வழியில்லை. இவை உறுதி. விவாதம் எங்கே என்றால், விவிபேட்டில் சின்னங்களை ஏற்றுவது தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு. அங்கே ஒரு வாசல் திறக்கிறதே என்பது விமர்சகர்கள் கேள்வி. சீட்டு அச்சானாலும் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை, ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் வரும் ஐந்து பூத்துகளின் சீட்டுகளை மட்டும்தான் எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி வந்த வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சின்னம் ஏற்றும் கருவியை சீல் வைத்து 45 நாள் பாதுகாக்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் இடத்தில் வந்தவர் பணம் கட்டிக் கேட்டால் 5 சதவீத மெஷின்களைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. என் கருத்து: எண்ணினால் நாள் கூடுதலாகும், ஆகட்டுமே. ஐந்து மாதம் நடக்கிற சண்டையை சில நாள் கூலியில் முடிக்கலாம்.

மெஷின் வந்ததில் ஒரு விஷயம் நிஜமாகவே பறிபோயிற்று, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேப்பர் காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. கலந்துவிட்டால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. இப்போது ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக எண்ணப்படுகிறது, பூத் வாரியாகக் கணக்கு வெளியாகிறது. ஒரு காலனிக்கு மட்டும் தனிப் பூத் என்றால், அந்த மக்கள் யாருக்குப் போட்டார்கள் என்பது மறுநாளே ஊருக்குத் தெரியும். "உங்க பூத்துல எங்களுக்கு இத்தனைதானா" என்று தண்ணீர்க் குழாய் விஷயத்தில் கேட்பார்கள். பல மெஷின்களைச் சேர்த்துக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது, 2015-இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. நடக்கவில்லை. உங்கள் தனி ஓட்டு ரகசியம்தான், ஆனால் உங்கள் தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை.

பேப்பர் அடியோடு போய்விடவும் இல்லை. நீங்கள் கிராமத்தில் இருந்தால் ஊராட்சித் தேர்தலில் இன்னும் முத்திரைதான். 2019 டிசம்பரில் ஒரு ஓட்டருக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். எண்ணும்போது முதலில் நிறம் நிறமாகப் பிரித்து, கட்டுக் கட்டி, அப்புறம்தான் எண்ண வேண்டும். 2020 ஜனவரி 2-இல் தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் ஓடியது. சின்ன வார்டில் ஒன்றிரண்டு ஓட்டில் ஜெயிப்பதும், சமமானால் குலுக்கல் போடுவதும் சகஜம். அங்கே ஒரு செல்லாத ஓட்டு என்பது விளையாட்டுக் காரியமில்லை. ஒரே மாநிலத்தில் நகராட்சிக்கு மெஷின், ஊராட்சிக்குப் பேப்பர் என்று இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

இனி அம்மாவின் தபால் ஓட்டு. மூன்றில் இதைத்தான் நான் குறைவாக நம்புகிறேன், ஏமாற்று நடக்கும் என்பதால் அல்ல, காகித வேலையில் ஓட்டு செத்துப்போகும் என்பதால். சீட்டில் பேனாவால் டிக் போட்டாலும் போதும். அதை 13பி என்கிற சின்னக் கவரில் ஒட்ட வேண்டும். 13ஏ உறுதிமொழியில் கையெழுத்திட்டு, சான்றொப்பம் வாங்கி, அதைச் சின்னக் கவருக்கு வெளியே, 13சி என்கிற பெரிய கவருக்குள் வைக்க வேண்டும். எண்ணும் மேஜையில் பெரிய கவரைத் திறந்ததும் முதலில் பார்ப்பது உறுதிமொழியைத்தான். அது இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, வரிசை எண் ஒத்துப்போகவில்லை என்றால் சின்னக் கவரைப் பிரிப்பதே கிடையாது. உறுதிமொழியைச் சீட்டோடு சேர்த்து உள்கவரில் ஒட்டிவிட்ட ஆசிரியர்களின் கவர்களை என் கையால் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஊர் உலகத்துக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள்! 2016-இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கும் தி.மு.க.வின் மு. அப்பாவுவுக்கும் நடுவே வித்தியாசம் 49 ஓட்டு. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019-இல் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவாகி, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டு, அதற்குள் அந்தச் சட்டமன்றக் காலமே முடிந்துபோனது.

ரகசியம் என்று பார்த்தாலும் தபால் ஓட்டு அன்றைக்குக் கொஞ்சம் தளர்வுதான். பயிற்சி வகுப்பில் கையில் தருவார்கள், அதே பெஞ்சில் நாலு பேர் பார்க்க டிக் போடுவார்கள், சங்கத்துக்காரர் ஒருவர் "ஒட்டித் தரட்டுமா சார்" என்று நிற்பார். 2023-இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியில் இருப்பவர்கள் அதற்கென்று அமைத்த மையத்துக்குப் போய் அங்கேயே போட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: மக்களவைத் தேர்தலில் டியூட்டி தன் தொகுதிக்குள்ளேயே விழுந்தால் 12பி என்கிற தேர்தல் பணிச் சான்றிதழை, அதாவது இ.டி.சி.யை வாங்கிக்கொள்ளலாம், டியூட்டி பார்க்கிற பூத்திலேயே மெஷினில் போடலாம், கவரே வேண்டாம். வீட்டில் தாத்தாவுக்கு 85 வயது ஆகியிருந்தால் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே போடவும் வழி உண்டு. அலுவலர்கள் வீடியோ எடுப்பவரோடு வீட்டுக்கே வருவார்கள். 2021-இல் இதற்கு 80 வயது இருந்தது, 2024-இல் உயர்த்திவிட்டார்கள். ஆனால் ஒருமுறை 12டி ஏற்கப்பட்டால் பூத்துக்குப் போய்ப் போட முடியாது. நடக்க முடிகிறவர் என்றால் பூத்துக்கே கூட்டிப் போங்கள். முத்திரைக் காலத்து ஆள், வரிசையில் நிற்பதைத்தான் விரும்புவார்.

கடைசியாக, உங்கள் முதல் ஓட்டுக்கு நேரடியாக உதவும் ஒன்று. நீங்கள் போகும்போது உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டி டெண்டர் ஓட்டு கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று பி.ஓ.வுக்குத் திருப்தியானால் மெஷினில் விடமாட்டார், காகித வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார். முத்திரை குத்தி மடித்து அவர் கையிலேயே கொடுக்க வேண்டும், தனிக் கவரில் போட்டு சீல் வைப்பார். சாதாரண எண்ணிக்கையில் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டார்கள். ஆனால் வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில் வந்து வழக்குப் போனால், நீதிமன்றம் கேட்கிற முதல் கவர்களில் அதுவும் ஒன்று.